தலைமையகம் நகர்ந்தால் போதுமா? பிராந்திய ஆய்வு வலையமைப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாசிய ஆய்வு வலையமைப்பு ஒன்றின் கொழும்புப் பக்கத்தைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டவன் நான். பட்டம் முடித்துவிட்டு ஆய்வு உதவியாளர்களாக வரும் பிள்ளைகளும், யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிப்பிக்கும் இளம் விரிவுரையாளர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வெள்ளவத்தைத் தேநீர்க் கடைகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சர்வதேச அபிவிருத்தி ஆய்வு நிறுவனம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வறுமை, விவசாயம், நீர், சுகாதாரம், தொழில் ஆகியவை பற்றிப் பல நாடுகளில் ஆய்வு செய்யும் அல்லது ஆய்வுக்குக் காசு கொடுக்கும் அமைப்புகளை. ஒட்டாவாவில் 1970இல் தொடங்கப்பட்ட கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி மையம் காசு கொடுக்கும் வகை. பத்தரமுல்லைப் பக்கம் இருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் தானே ஆய்வு செய்யும் வகை. இரண்டையும் கலந்து செய்பவையும் உண்டு.

பன்முகப்படுத்தல், அதிகாரப் பகிர்வு: இரண்டும் ஒன்றுதானே?

இலங்கையில் தமிழ் பேசுகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. எங்களுக்கு இந்த வித்தியாசம் பத்திரிகை படிக்கத் தொடங்கிய வயதிலேயே தெரியும்.

1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டம் வந்தது. ஊருக்கு ஒரு மதகு, ஒரு பாடசாலைக் கட்டடம் என்று காசு மாவட்டத்துக்கு இறங்கியது. ஆனால் எவ்வளவு காசு, எந்த விதியின் கீழ் என்பதைக் கொழும்புதான் தீர்மானித்தது. வேலை ஊரில் நடக்கும், கட்டளை மையத்திலிருந்து வரும். அதுதான் பன்முகப்படுத்தல். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தபோது நாங்கள் பேசியது அதிகாரப் பகிர்வைப் பற்றி: குறிப்பிட்ட விடயங்களில் தீர்மானிக்கும் உரிமையே கைமாறுவது. அந்த உரிமை எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி மாகாண சபைத் தேர்தல் 2014இல் ஊவாவில் நடந்தது. இப்போது எல்லா மாகாணங்களையும் ஆளுநர்களே பார்க்கிறார்கள்.

ஆய்வு நிறுவனங்களிலும் இதே இரண்டு வகை இருக்கிறது. பிராந்திய அலுவலகம் திறந்து, உள்ளூர்ப் பணிப்பாளர் ஒருவரை நியமித்து, அவர் ஒவ்வொரு செலவுக்கும் ஒட்டாவாவிடமோ வாஷிங்டனிடமோ அனுமதி கேட்டு மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தால், அது பன்முகப்படுத்தல். எதை ஆய்வு செய்வது, யாருக்குக் காசு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் பிராந்தியத்தில் உள்ளவர்கள் தீர்மானித்தால்தான் அது பகிர்வு. ஒரு நிறுவனம் “நாங்கள் பரவலாக்கிவிட்டோம்” என்று அறிவிக்கும்போது இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

கிளை அலுவலகத்துக்கும் வலையமைப்புக்கும் என்ன வேறுபாடு?

கிளை தலைமையகத்தின் கை. வலையமைப்பில் ஏற்கெனவே தம் காலில் நிற்கும் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் ஒன்றுசேர்கின்றன. நடுவில் இருப்பது ஒரு சிறிய செயலகம் மட்டும். நைரோபியில் 1988இல் தொடங்கிய ஆபிரிக்கப் பொருளாதார ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, கெய்ரோவில் 1993இல் தொடங்கிய பொருளாதார ஆராய்ச்சி மன்றம், காத்மண்டுவிலிருந்து இயங்கும் தென்னாசிய அபிவிருத்தி, சுற்றாடல் பொருளியல் வலையமைப்பு ஆகியவை நான் திரும்பத் திரும்பச் சொல்லும் உதாரணங்கள்.

இவற்றில் பலவற்றுக்கு வெளிநாட்டு நிதியே தொடக்கம். ஆய்வாளர்கள் தாங்களே எழுந்து கட்டியவையும் உண்டு. டாக்கரில் 1973இல் ஆபிரிக்க சமூக விஞ்ஞானிகள் அமைத்த கொடெஸ்ரியா அப்படிப்பட்டது. அது ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம், அரபு ஆகிய மொழிகளில் வேலை செய்கிறது. மொழி விடயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

தலைமையகத்தையே தெற்குக்கு, அதாவது எங்களைப் போன்ற வளர்முக நாடுகளுக்கு, கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

கொண்டுவருவது நல்லதுதான். அதோடு எல்லாம் சரியாகாது.

உலக வங்கிக்குள் 1999இல் தொடங்கிய உலகளாவிய அபிவிருத்தி வலையமைப்பு, பின்னர் தனி அமைப்பாகி, வாஷிங்டனை விட்டுப் புதுடில்லிக்கு வந்தது. உலகின் ஒவ்வொரு பிராந்தியத்திலும் ஒரு பங்காளி வலையமைப்பு, நடுவில் ஒரு செயலகம் என்பதே அதன் தொடக்க வடிவம். டில்லியில் கந்தோர் இருப்பதால் பல விடயங்கள் மாறும்: வேலைக்கு எடுக்கப்படுபவர்கள், சம்பளச் செலவு, மதிய உணவின்போது பேசப்படும் பிரச்சினைகள் கூட. நிதி வழங்குநரின் முகவரி மட்டும் மாறாது. காசு எங்கிருந்து வருகிறதோ அங்கே உள்ளவர்களின் நிதியாண்டு, அவர்களுடைய நாடாளுமன்றத்தின் மனநிலை, அவர்களுக்குப் பிடித்த தலைப்பு எல்லாம் காசோடு கூடவே வரும்.

எங்கள் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. நீர் முகாமைத்துவ நிறுவனம் 1984இல் கண்டிக்கு அருகே திகணையில், சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனம் என்ற பெயரில் தொடங்கியது. பிறகு கொழும்புப் பக்கம் வந்தது, 1998இல் பெயரை மாற்றிக்கொண்டது, 2012இல் ஸ்டொக்ஹோம் நீர் விருதைப் பெற்றது. தொடக்கத்திலிருந்தே தலைமையகம் இலங்கையில்தான். ஆனாலும் அதன் பணி ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து கிடக்கிறது. கானாவில் இருக்கும் ஆய்வாளருக்குப் பத்தரமுல்லையே தூரத்துத் தலைமையகம். தெற்கில் இருப்பதால் மட்டும் ஒரு தலைமையகம் எல்லோருக்கும் கிட்டடியாகிவிடுவதில்லை.

பரவலாக்கினால் உண்மையில் என்ன நன்மை? யாராவது பிழைத்த கதை உண்டா?

உண்டு. வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்கார்டா என்ற நிறுவனம் 1977இல் தொடங்கி, சிரியாவின் அலெப்போ அருகே பெரிய ஆய்வுப் பண்ணையோடும் விதை வங்கியோடும் இயங்கிவந்தது. யுத்தம் வந்தது. 2012இல் சர்வதேச ஊழியர்கள் வெளியேற, தலைமையகம் பெய்ரூத்துக்குப் போனது. விதைகளின் பிரதிகளை அவர்கள் ஏற்கெனவே நோர்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்தில் வைத்திருந்தார்கள். 2015இல் அவற்றில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். அந்தப் பெட்டகத்திலிருந்து யாராவது விதை திருப்பி எடுத்தது அதுவே முதல் தடவை. எல்லாம் அலெப்போவில் மட்டும் இருந்திருந்தால் எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு வேண்டிய கோதுமை, பார்லி, பருப்பு வகைகளில் எத்தனை இல்லாமல் போயிருக்கும்!

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்தக் கதை வெறும் நிர்வாகப் பாடமாகத் தெரிவதில்லை. ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிராந்தியக் கூட்டங்களுக்கு ஏன் எப்போதும் கொழும்பு அல்லது காத்மண்டு?

விசா. இந்திய ஆய்வாளர் ஒருவர் இஸ்லாமாபாத்துக்குப் போவதும், பாகிஸ்தானிய ஆய்வாளர் டில்லிக்கு வருவதும் மாதக்கணக்கில் இழுபடும் காரியம். பல தடவை கடைசி நாளில் மறுக்கப்படும். கொழும்புக்கு இருவரும் வந்துவிடலாம். சார்க் உச்சி மாநாடு 2014இல் காத்மண்டுவில் நடந்தபின் இன்றுவரை கூடவில்லை. அரசுகள் சந்திக்காத காலத்தில் லாகூர்ப் பொருளியலாளரும் சென்னைப் பொருளியலாளரும் கொள்ளுப்பிட்டியில் ஒரு மேசையில் இருந்து நெல்விலை பற்றி வாதாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதன் பெறுமதியை எந்த அறிக்கையிலும் எண்ணாக எழுத முடியாது.

கொழும்புக்கு இந்தப் பழக்கம் பழையது. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டு அமைச்சர்கள் இங்கே கூடியதிலிருந்து பிறந்த கொழும்புத் திட்டத்தின் செயலகம் இன்னும் இங்கேதான். இனத்துவ ஆய்வுக்கான சர்வதேச நிலையம் 1982இல் நீலன் திருச்செல்வம் போன்றவர்களின் முயற்சியால் உருவாகி, உலக ஆய்வாளர்களை இங்கே அழைத்தது. தொலைத்தொடர்புக் கொள்கையை ஆசியா முழுவதிலும் ஆராயும் லேர்ன்ஏசியா 2004இல் கொழும்பில் தொடங்கியது.

பலவீனமும் உண்டு. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. செயலகத்தின் சேவர் ஓடவில்லை, எரிபொருள் வரிசையில் ஊழியர்கள் நிற்கிறார்கள், மற்ற நாட்டுப் பங்காளிகள் அறிக்கை கேட்கிறார்கள். அந்த மாதங்களில் கணக்கு வேலையைப் பார்த்தது எங்கள் காத்மண்டுப் பங்காளிகள். அவர்களிடம் ஏற்கெனவே கோப்புகளின் பிரதியும் கையொப்ப அதிகாரமும் இருந்ததால்தான் அது முடிந்தது.

காசு எப்படி நகர்கிறது? எங்கே சிக்குகிறது?

பரவலாக்கம் பற்றிய பேச்சுகளில் ஆகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். ஆகக் கூடுதலாகப் பேசப்பட வேண்டியதும் இதுதான்.

முதலாவது, ஓவர்ஹெட் என்று நாங்கள் சொல்லும் மேந்தலைச் செலவு. வாடகை, கணக்காளர், கணக்காய்வு, மின்கட்டணம். பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அமெரிக்க அரசோடு பேசி, திட்டத்தின் நேரடிச் செலவின் மேல் தனக்குக் கிடைக்கும் இந்த விகிதத்தை ஐம்பது சதவீதத்துக்கு மேலும் வைத்துக்கொள்ளும். அப்படிப் பேசி வாங்காத சிறிய அமைப்புக்கு நீண்டகாலம் கிடைத்தது 10 சதவீதம்; 2024 ஒக்டோபரிலிருந்து 15 ஆனது. கொழும்பில் ஒழுங்கான கணக்காய்வுக்கும் சட்டப் பதிவுக்கும் இது போதாது. போதாததால் கணக்காளரை எடுக்க முடியாது. கணக்காளர் இல்லாததால் “உங்களுக்குத் திறன் குறைவு” என்று பெரிய நிறுவனத்தை நடுவில் வைப்பார்கள். நடுவில் நிற்பவர் தன் பங்கை எடுப்பார். இந்த வட்டத்துக்குள் சுற்றியே பல நல்ல நிலையங்கள் களைத்துப்போயின.

இரண்டாவது, நாட்டுச் சட்டங்கள். இந்தியா 2020இல் தன் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது என்றாகிவிட்டது. நிர்வாகச் செலவின் உச்சமும் 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அமைப்பைச் செயலகமாக வைத்துக்கொண்டு பங்காளிகளுக்குக் காசு பிரித்துக்கொடுக்கும் வலையமைப்புக்கு இது கழுத்தில் விழுந்த கயிறு. ஆகவே செயலகம் எந்த நாட்டில் பதிவு என்பது கௌரவப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். சட்டத்தரணியை முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, நாணயம். 2022இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. டொலரில் காசு வந்தவர்கள் தப்பினார்கள். முன்கூட்டியே ரூபாயாக மாற்றி வைத்திருந்தவர்களின் கள ஆய்வு பாதியில் நின்றது.

நான்காவது, திடீர் நிறுத்தம். 2021இல் பிரித்தானியா உதவியைத் தேசிய வருமானத்தின் 0.7 சதவீதத்திலிருந்து 0.5க்குக் குறைத்தபோது, கையொப்பமிட்ட ஆய்வுகளும் நடுவில் வெட்டுப்பட்டன. 2025இல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எயிட் மூடப்பட்டது. ஒரே நிதி வழங்குநரில் தொங்கும் வலையமைப்பை எத்தனை நாட்டில் பரப்பினாலும் அதன் உயிர் ஓரிடத்தில்தான்.

கேள்வியை யார் தீர்மானிப்பது என்பது ஏன் அவ்வளவு முக்கியம்?

ஒரு கதை சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், வேறொரு கண்டத்தில் தயாரித்த வினாக்கொத்து ஒன்று எங்களுக்கு வந்தது. காணியின் அளவு ஹெக்டேயரில், ஒரு தசம இடத்துக்கு எழுத வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பக்கம் ஒரு அம்மாவிடம் எங்கள் ஆய்வு உதவியாளர் தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான். “எனக்கு ஒரு பரப்புத்தான் பிள்ளை. உதை நீங்களே கணக்குப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டார்.

ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச்சஸ். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஹெக்டேயரில் 0.025. ஒரு தசமத்தில் எழுதினால் பூச்சியம். அந்த ஒரு பரப்பில் வெங்காயமும் மிளகாயும் வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்த அந்த அம்மா, தரவுக் கோப்பில் “காணி இல்லாதவர்” ஆனார். அவரைப் போல இன்னும் பலர். பிழையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. படிவத்தைத் திருத்த அனுமதி வர ஆறு கிழமை சென்றது. அதற்குள் களவேலை முடிந்துவிட்டது. நாங்கள் திரும்பவும் வீடு வீடாகப் போனோம், சொந்தச் செலவில்.

அந்த வினாக்கொத்தை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள், நல்லவர்களும் கூட. பரப்பு என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டவர்களுக்குத் திருத்தும் அதிகாரம் இல்லை. பரவலாக்கம் வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

தரம் குறைந்துவிடும் என்கிறார்களே?

ஆட்கள் எப்படித் தேறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நைரோபிக் கூட்டமைப்பின் முறை எனக்குப் பிடித்தது. வருடத்துக்கு இரண்டு செயலமர்வு. ஆய்வாளர் முதலில் முன்மொழிவோடு வருவார், பிறகு பாதி வேலையோடு, பிறகு முடிந்த கட்டுரையோடு. ஒவ்வொரு தடவையும் சக ஆய்வாளர்களும் வெளியிலிருந்து வரும் வளவாளர்களும் முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள். காத்மண்டு வலையமைப்பும் இதே பாணி. மூன்று தடவை அந்த மேடையில் ஏறி இறங்கியவர் தலைமையகத்துக்கு வரைவை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவரைவிட உறுதியாக எழுதுகிறார். நான் பார்த்த அளவில் இதில் எனக்குச் சந்தேகமில்லை.

கொழும்பே யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் ஒரு தலைமையகமாகிவிடாதா?

ஆகிவிட்டது. இதை ஒப்புக்கொள்ளாமல் ஒட்டாவாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நாட்டு முனை என்று, வலையமைப்பின் வேலையை ஒரு நாட்டில் ஒருங்கிணைக்கும் அலுவலகம் ஒன்றை அமைத்தால் அது கொழும்பு ஏழில்தான் அமைகிறது. கூட்டம் ஆங்கிலத்தில். கிளிநொச்சியிலிருந்து வருபவர் இரவு பஸ்ஸில் வந்து, காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் தூக்கக் கலக்கத்தோடு இருந்து, பேச வாய்ப்பு வருமுன் தேநீர் இடைவேளை வந்துவிடும். பிறகு அறிக்கையில் “வடக்கின் பிரதிநிதித்துவம்” என்று ஒரு வரி.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1981க்குப் பிறகு முழுத் தீவையும் எண்ணிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2001இல் 25 மாவட்டங்களில் 18 மட்டுமே முழுமையாக எண்ணப்பட்டன. வீட்டு வருமான, செலவின அளவீடு எல்லா மாவட்டங்களையும் தொட்டது 2012/13இல். அதுவரை இலங்கையின் வறுமை பற்றி உலகம் படித்த அட்டவணைகளில் எங்கள் ஊர்களுக்கு நிரலே இல்லை, அல்லது பாதிதான் இருந்தது. யுத்தம் காரணம், உண்மை. ஆனால் அந்த இடைவெளியை நிரப்பும் உள்ளூர் ஆய்வாளர்களை அந்தக் காலத்தில் யார் வளர்த்தார்கள்? யாழ் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இருந்தவர்கள் தரவு சேகரித்துக் கொடுத்தார்கள். கட்டுரையில் அவர்களுடைய பெயர் நன்றி கூறும் பகுதியில் வந்தது.

நாங்கள் பிற்காலத்தில் செய்த மாற்றங்கள் சிறியவை. செயலமர்வுகளில் ஒன்றைக் கொழும்புக்கு வெளியே வைத்தோம். முன்மொழிவைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதலாம் என்றோம். முதல் சுற்றிலேயே, ஆங்கிலத்தில் ஒருபோதும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஆட்களிடமிருந்து நல்ல கேள்விகள் வந்தன. மட்டக்களப்பில் உள்ளவரே தன் காசுக்குக் கையொப்பமிடலாம் என்று மாற்ற இரண்டு வருடம் வாதாட வேண்டியிருந்தது. எதிர்த்தது வெளிநாட்டவர் இல்லை. எங்கள் கொழும்புக் கந்தோர்தான்.

செயலகம் சுழற்சியில் மாறுவது நல்லதா?

சில வருடத்துக்கு ஒரு தடவை நாடு மாறினால் ஒரே நிறுவனம் வலையமைப்பைச் சொந்தமாக்கிக்கொள்ளாது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் கோப்புகளும் அனுபவமுள்ள ஊழியர்களும் காணாமல் போவார்கள். என் எண்ணம்: கணக்கும் ஆவணமும் ஓரிடத்தில் நிலையாக இருக்கட்டும், தலைமைக் கதிரை சுழலட்டும்.

நான் ஒரு சிறிய நிலையத்தில் இருக்கிறேன். வலையமைப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட முன் எதைப் பார்க்க வேண்டும்?

வினாக்கொத்தைக் களத்திலேயே திருத்தும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தரவு எங்கே சேமிக்கப்படும், ஐந்து வருடம் கழித்து உங்கள் மாணவி அதைப் பயன்படுத்த யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று பாருங்கள். காசு எந்த நாணயத்தில், எத்தனை தவணையில் வரும். முதல் தவணை களவேலைக்கு முன் வருமா, அறிக்கைக்குப் பின் வருமா? பின் வருமென்றால் உங்கள் ஊழியரின் சம்பளத்தை அதுவரை யார் கட்டுவது? கட்டுரையில் பெயர் வரும் ஒழுங்கை இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

வரவுசெலவுத் திட்டத்தில் மொழிபெயர்ப்புக்கென்று தனி வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். தமிழ்ப் பதிப்பு வேண்டும் என்றால் அதைக் கையொப்பத்துக்கு முன்பே கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டவர்களுக்கு “மிச்சம் இருந்தால் பார்ப்போம்” என்ற பதில்தான் வந்தது; எனக்குத் தெரிந்து எந்தத் திட்டத்திலும் மிச்சம் இருந்ததில்லை.